ஆறாவது ஓட்டு

லீக்கிலிருந்து வந்த கடிதத்தை அம்மா பிரித்துக்கொண்டிருந்தபோது போன வாரம் கதையை நிறுத்திவிட்டேன். அதற்காக ஒரு வாசகி என்னைத் திட்டி நாலு பக்கம் எழுதியிருக்கிறார். நியாயம்தான். நானாக இருந்தால் ஆறு பக்கம் எழுதியிருப்பேன்.

இன்றைக்குத்தான் வருகிறவர்களுக்கு விஷயம் இது. ஒரு கால்பந்து அணி. நாற்பது வருஷமாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அம்மா, அந்த மைதானத்தின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள். டிக்கெட்டம்மா என்றால்தான் ஊரில் தெரியும். மூத்த மகள் அணிக்கு மேனேஜர். டிரைவர் வராத நாட்களில் அணியின் பஸ்ஸையும் அவளே ஓட்டுவாள். டிரைவர் வராமல் மூன்று வருஷம் ஆகிறது. இளையவன் பல் டாக்டர்.

அம்மாவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டன. இனிமேல் ஒரு குடும்பத்தால் ஒரு அணியைத் தூக்கிச் சுமக்க முடியாது, விற்றுவிடலாம் என்று முடிவாகிவிட்டது. யாருக்கு விற்பது என்பதில்தான் சண்டை.

மைதானத்தில் வருஷம் முழுக்கச் சீட்டு எடுத்து உட்காரும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு ரசிகர் சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் தருவேன் என்கிறாள் அம்மா. லீக் தலைவரோ ஏசி மெஷின் விற்கும் ஒரு முதலாளியைக் கைகாட்டுகிறார். அவர் வாங்கினால் அணி வேறு ஊருக்குப் போய்விடும், மைதானம் அவருக்குக் குடோன் ஆகிவிடும். லீக் சம்மதிக்காமல் யாரும் யாருக்கும் அணியை விற்கக் கூடாது என்பது விதி.

உங்கள் வீட்டுப் பீரோவை விற்க எதிர்வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கும் அப்படித்தான் வயிறு எரிகிறது.

கடிதத்தில் மூன்று வரிகள்தான் இருந்தன. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு லீக் அலுவலகத்துக்கு வரவும். உரிமை குறித்துச் சில விளக்கங்கள் தேவை. வாரிசுகளையும் அழைத்து வரவும்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

*

காலை எட்டு மணிக்கே இளையவன் வந்துவிட்டான். கிளினிக்கை மதியம்வரை மூடிவிட்டு வந்திருந்தான். சமையலறையில் அம்மா ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன். கோபப்படாதே."

"நீ இப்படி ஆரம்பிச்சாலே கோபம் வருது. சொல்லு."

"ஏசிக்காரருக்கே குடுத்துடலாம்மா. லீக்கை எதிர்த்து இதுவரைக்கும் யாரு ஜெயிச்சிருக்கா? உனக்கு ஆபரேஷன் பண்ணணும். எத்தனை நாள் இப்படிச் சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நடப்பே?"

"சுவர் என்னோடது. பிடிச்சு நடக்கறேன். உனக்கென்ன?"

வாசலில் பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மூத்தவள் துணியோடு உள்ளே வந்தாள்.

"ஊர்ல எல்லார் வாயையும் திறக்கச் சொல்ற. உன் வாயைக் கொஞ்சம் மூடேன்டா."

"அக்கா, நீ பஸ் ஓட்டற ஆசையில பேசறே. அம்மா முட்டியை நீயா பாக்கறே?"

"அப்புறம் யாரு பாக்கறா? வாரம் ஒரு தடவை போன்ல விசாரிக்கறியே, அது பாக்கறதா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவன் மேலும் தப்பில்லை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற பிள்ளைகள் எல்லாம் மைதானத்தில் கத்திக்கொண்டிருக்க, இவன் டிக்கெட் கவுண்டருக்கு அடியில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினவன். கால்பந்து என்றாலே அவனுக்கு அலர்ஜி. அம்மாவை அந்த ஜன்னலிலிருந்து எப்படியாவது எழுப்பி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்பதுதான் பத்து வயதிலிருந்து அவனுடைய ஒரே ஆசை.

"சரி, போய் என்னன்னு கேட்டுட்டு வரலாம்," என்று அம்மா டீயை அவன் பக்கம் தள்ளினாள். "குடி. சர்க்கரை போட்டிருக்கேன். பல் டாக்டர்னு பாத்துக் குறைக்கலை."

*

லீக் அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அந்தக் காகிதமே பழசாகி ஓரம் சுருண்டிருந்தது.

அம்மா ஏறினாள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். இளையவன் பின்னாலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான். "விழமாட்டேன்டா, கையை மடக்கு," என்று அவள் சொன்னது மேலே வரவேற்பறைவரை கேட்டது.

நீள மேஜை. அதன் மேல் கண்ணாடி. சுவரோரமாகப் பதினோரு அணிகளின் பதினோரு சின்னக் கொடிகள். பூட்டிய அலமாரிக்குள் கோப்பைகள். மேஜையின் தலைமாட்டில் லீக் தலைவர், அவருக்குப் பக்கத்தில் ஃபைலோடு செயலாளர். தலைவரும் ஓர் அணிக்குச் சொந்தக்காரர்தான். வெண்ணெய் தடவிப் பேசுவதில் கெட்டிக்காரர்.

"வாங்கம்மா, வாங்க. இவ்வளவு படி ஏறவிட்டுட்டோமே. டீ சொல்லவா?"

"விஷயத்தைச் சொல்லுங்க. டீ குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

"ரசிகர் சங்கத்துக்குக் குடுக்கணும்னு நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா ஓனர்னா ஒரு தரம் வேணும்மா. கடைக்காரர், தையக்காரர், வாத்தியார்னு ஐந்நூறு பேரு. நாளைக்கு ஒரு பிரச்னைன்னா நான் யார்கிட்ட பேசறது?"

"என்கிட்ட நாப்பது வருஷம் டிக்கெட் வாங்கினவங்க. அதுல நாலாவது வரிசை இருபத்தொண்ணாம் சீட்டுக்காரர் மழைக்கும் வருவாரு, ஜுரத்துக்கும் வருவாரு. நீங்க போன சீசன்ல எத்தனை மேட்ச் பாத்தீங்க?"

தலைவர் சிரித்துக்கொண்டே செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஃபைலைத் திறந்தார்.

"விதி பதினேழும்மா. ஒரு ஓனர் இறந்துட்டா, வாரிசுங்க தொண்ணூறு நாளுக்குள்ள எழுத்துமூலம் லீக்குக்குத் தெரிவிச்சு, உரிமையைத் தங்களோட பேருக்கு மாத்திக்கச் சம்மதம் வாங்கணும். உங்ககிட்டேருந்து எங்களுக்குத் தகவல் வரலை."

"என்ன தகவல்?"

"உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்ங்கற தகவல்."

அம்மா செயலாளரை விட்டுவிட்டுத் தலைவரைப் பார்த்தாள்.

"அவர் பெட்டிக்கு முன்பக்கம் இடது தோள் குடுத்தது யாருங்க?"

"நான்தாம்மா. அது மனுஷனுக்கு மனுஷன் செஞ்சது. இது விதி."

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களே. யாரு செத்தாங்கன்னு தெரியாமலா அழுதீங்க?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். தப்பு இவர்கள் மேல்தான். விதிப்புத்தகம் வீட்டில் இருக்கிறது. மூத்தவள் அதை இரண்டு தடவை படித்திருக்கிறாள். ஆனாலும் மூன்று பேரில் ஒருவருக்கும் அந்தக் கடிதம் எழுதத் தோன்றவில்லை. சாவுக்கு வந்து பெட்டி தூக்கிய மனிதருக்கு, 'இதனால் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது' என்று மறுவாரம் தபால் போட யாருக்குக் கை வரும்? உங்களுக்கு வருமா? எனக்கு வராது.

செயலாளர் தொடர்ந்தார். "அதனால உரிமை சட்டப்படி இன்னும் உங்க பேருக்கு வரலைம்மா. நீங்க ஓனர் இல்லை. ஓனர் இல்லாதவங்க விக்க முடியாது. விதி பதினெட்டுப்படி, ஓனர் இல்லாத அணிக்கு லீக்கே ஆளைப் பாத்துக் குடுத்துடலாம். ஓட்டெடுப்புகூட வேண்டாம். வாரிசுங்கற முறையில மூணு பேரும் ஆட்சேபணை இல்லைன்னு இதுல ஒரு கையெழுத்து மட்டும்..."

காகிதம் ஏற்கனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. ஏசிக்காரரின் பெயர் அதில் மூன்று இடத்தில் இருந்தது.

கையெழுத்துப் போடலாம் என்ற எண்ணத்தோடுதான் இளையவன் மாடி ஏறி வந்தான். அதை நான் மறைக்கப்போவதில்லை. பேனாகூட சட்டைப்பையில் இருந்தது. ஆனால் 'நீங்க ஓனர் இல்லை' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது. டிக்கெட் கவுண்டருக்கு அடியிலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் அம்மாவின் வீங்கிய பாதங்களைத்தான். அந்தப் பாதங்களைப் பார்த்து ஒருவன் உனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்வதா?

"எங்கம்மா ஓனர் இல்லையா?" அவன் எழுந்தே விட்டான். "அப்ப ஒன்றரை வருஷமா டீமை யாரு நடத்தினாங்க? எங்கப்பாவா? கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்து நடத்திட்டுப் போனாரா?"

"தம்பி, உணர்ச்சிவசப்படாதீங்க. உக்காருங்க."

"உக்காரமாட்டேன். மாசாமாசம் 'அன்புள்ள உரிமையாளர் அவர்களுக்கு'ன்னு எங்கம்மாவுக்கு லெட்டர் போட்டீங்களே, அது யாருக்கு?"

"அது வழக்கமா அடிக்கற கவருங்க," என்றார் செயலாளர்.

மூத்தவள் வாயைப் பிளந்துகொண்டு தம்பியைப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதில் முதல் தடவையாக அவன் தன் அணிக்காகச் சத்தம் போடுகிறான்.

அம்மா மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். மேஜைக் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"போன வருஷம் தலைவர் தேர்தல் நடந்ததே. இதே ரூம்தானே?"

"ஆமாம்மா," என்றார் தலைவர்.

"நீங்களும் அந்த பேப்பர் மில்காரரும் நின்னீங்க. எத்தனைக்கு எத்தனை?"

செயலாளரின் பேனா நின்றுவிட்டது. அவருக்குத்தான் முதலில் புரிந்தது, பாவம்.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா..."

"ஆறுக்கு அஞ்சு," என்றாள் மூத்தவள்.

"ஆறுக்கு அஞ்சு. அந்த ஆறுல ஒரு கை என்னோடது. கடைசியாத் தூக்கினேன். முட்டி வலியில எந்திரிக்க முடியாம உக்காந்தே தூக்கினேன். இதோ, இந்தச் செயலாளர்தான் பேனாவை நீட்டி நீட்டி எண்ணினாரு. என்கிட்ட வந்து 'ஆறு'ன்னு சத்தமாச் சொன்னாரு. நீங்க எந்திரிச்சு வந்து என் கையைக் குலுக்கினீங்க." அம்மா நிமிர்ந்தாள். "அவர் போய் ஆறு மாசம் கழிச்சு நடந்த தேர்தல் அது. தொண்ணூறு நாளு எப்பவோ தாண்டியாச்சு. நான் ஓனர் இல்லைன்னா அந்தக் கையை ஏன் எண்ணினீங்க?"

செயலாளர் ஃபைலை மூடினார். அம்மா விடவில்லை.

"நான் ஓனர்னா, என் டீமை நான் விக்கறேன். ஓனர் இல்லைன்னா, நீங்க தலைவர் இல்லை. ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு எதுவானாலும் சரி."

அடி சக்கை! இதை எழுதும்போது நானே நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

தலைவரும் செயலாளரும் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பத்து நிமிஷம் ஆனது. இதற்குள் தலைவருக்கு வந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. மூத்தவள் அதை எடுத்துக் குடித்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது தலைவரின் முகத்தில் பழைய சிரிப்பு சரியாகப் பொருத்தப்பட்டிருந்தது.

"ஒரு கடிதம் வராததுக்காக உங்களை மாதிரி மூத்தவங்க மனசைப் புண்படுத்தலாமா? உங்க வீட்டுக்காரர் இறந்த நாள்லேருந்தே நீங்கதான் ஓனர். சரிதானேம்மா?"

"எழுத்துல குடுங்க," என்றான் இளையவன். "எங்களுக்குத்தான் எழுதிப் பழக்கமில்லை. உங்களுக்கு உண்டே."

எழுதினார்கள். கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் விழுந்ததை அவன் நின்று பார்த்தான். எக்ஸ்ரே பார்ப்பது மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தான்.

"ஆனா ஒண்ணும்மா," என்றார் தலைவர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "ஓனர்னு ஆயிட்டா, ஓனருக்கு உண்டான விதிதான். உங்க விற்பனை பொதுக்குழு ஓட்டுக்குப் போகும். வர்ற ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம். விக்கற அணிக்கு ஓட்டு கிடையாது. மீதி பத்துல எட்டுக் கை வேணும். கிடைச்சா ரசிகர் சங்கத்துக்குத் தாராளமாக் குடுங்க."

"கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னா, வித்தா லீக் சொல்ற ஆளுக்குத்தான் விக்கணும். அப்ப நீங்க என்னைத் தப்பா நினைக்கக் கூடாது."

"இப்பவே நினைச்சுட்டேன்," என்று சொல்லிவிட்டு அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

*

தெருமுனையில் நின்ற பஸ்ஸில் மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். பின்சீட்டில் பந்து மூட்டை கிடந்தது. யாரோ ஆட்டக்காரர் விட்டுப்போன ஒற்றைக் காலுறை கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. இளையவன் அதை இரண்டு விரலால் எடுத்துத் தூரப் போட்டான்.

மூத்தவள் ஸ்டியரிங்கின் மேல் ஒரு தாளை வைத்துப் பத்து அணிகளையும் எழுதினாள்.

"தலைவர் தூக்கமாட்டார். அவர் மச்சான் தூக்கமாட்டார். ரெண்டு போச்சு. மீதி எட்டு."

"எட்டுதானே வேணும்?" என்றான் இளையவன்.

"அதான். எட்டுப் பேரும் தூக்கணும். ஒருத்தர் குறைஞ்சாலும் மைதானம் குடோன்."

"எட்டுப் பேரும் யாருன்னு சொல்லு," என்றாள் அம்மா.

"பேப்பர் மில்காரர் தூக்குவார், தலைவர்னா அவருக்கு ஆகாது. போன தடவை அவருக்கு ஓட்டுப் போடலைன்னு உன் மேல கொஞ்சம் வருத்தம் இருக்கும், பேசிக்கலாம். அக்கா தங்கச்சி மூணு பேரு சேர்ந்து நடத்தற டீம், அவங்களுக்கு நம்ம ரசிகர் சங்கத்து மேல நல்ல அபிப்பிராயம். அப்புறம் துறைமுகத்து டீம்..." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் கடைசிப் பெயரில் நின்றுவிட்டாள். "பேக்கரிக்காரர்."

"அவருக்கென்ன?" என்றான் இளையவன்.

"உனக்குத் தெரியாது, நீ அப்ப காலேஜ்ல இருந்தே. பதினாலு வருஷம் முன்னாடி அவர் தன் டீமை விக்கப் பாத்தார். தங்கச்சி வீட்டுக்காரருக்குக் குடுக்கலாம்னு. அப்ப தபால்ல ஓட்டு. ஆமாவா இல்லையான்னு சீட்டுல எழுதி டீம் முத்திரை குத்தி அனுப்பணும். எட்டு வேணும், ஏழுதான் வந்தது. நம்ம டீம் 'இல்லை'ன்னு குத்தியிருந்தது. ஒரு ஓட்டுல கவிழ்ந்தது. அன்னையிலேருந்து அப்பாகிட்ட அவர் ஒரு வார்த்தை பேசினதில்லை. சாவுக்குக்கூட வரலை."

இளையவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "அப்ப நமக்கும் இதே கத்திதான் கையில இருந்திருக்கு."

"ம். குத்தியும் இருக்கோம்."

இளையவனின் போன் அடித்தது. கிளினிக்கிலிருந்து. யாரோ கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்திருக்கிறார்களாம். "பக்கத்துத் தெரு டாக்டர்கிட்ட அனுப்பி வை. மத்தவங்களை நாளைக்கு வரச் சொல்லு. பல்லு எங்கேயும் ஓடிப்போகாது," என்று வைத்துவிட்டான்.

"பேக்கரிக்காரரைக் கடைசியாப் பாத்துக்கலாம்மா," என்றாள் மூத்தவள். "மத்த ஏழு பேரையும் கையில வச்சுக்கிட்டுப் போய்ப் பேசினா கொஞ்சம் பலமா இருக்கும்."

"வேண்டாம். முதல்ல அங்கதான். வண்டியை எடு."

"அவர் கதவையே திறக்கமாட்டாரேம்மா."

"எடுடி வண்டியை."

பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் மூத்தவள் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். "அப்பா ஏன்மா அப்படிக் குத்தினார்? அவர் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவர் இல்லையே."

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்றேன் கேளு," என்றாள் மூத்தவளே மறுபடியும். "அப்பா பண்ணது தப்புன்னு ஒப்புக்கிட்டு மன்னிப்புக் கேட்டுடலாம். அவர்தான் இல்லையே. அவர் மேல போட்டா யாருக்கும் நஷ்டமில்லை. நமக்கு ஓட்டு கிடைக்கும்."

"அக்கா சொல்றது சரிம்மா," என்றான் இளையவன். அக்கா சொன்னது சரி என்று அவன் சொன்னது அன்றைக்கு இரண்டாவது அதிசயம்.

அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

*

பேக்கரியின் பின்பக்கம் ஒரு சந்து. காலித் தட்டுகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. வெளியூர்ப் பயணம் முடிந்து வந்து சேரும்போது சாயங்காலம் நாலு மணி. உள்ளே அடுப்பின் சூடு சந்துவரைக்கும் அடித்தது. சந்துக்கோடியில் இருந்த கதவுதான் மாடி வீட்டுக்குப் போகும் வழி.

மூத்தவள் மணியை அடித்தாள். இரண்டாம் தடவை அடித்த பிறகு கதவு பாதி திறந்தது. கனத்த உடம்பு, முழங்கைவரை மாவு. பேக்கரிக்காரர் மூன்று பேரையும் பார்த்தார். சந்தின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும் பஸ்ஸையும் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ஓட்டுன்னு போன் வந்தது. அதுக்குத்தானே?"

"அதுக்குத்தான்," என்றாள் அம்மா.

"உங்க வீட்டுக்காரர் எனக்கு என்ன பண்ணினார்னு தெரிஞ்சுமா வந்தீங்க?"

"தெரியும்."

"என்ன தெரியும்? ஒரு ஓட்டு. அந்த ஒரு ஓட்டால பதினாலு வருஷமா வேண்டாத டீமைக் கட்டி இழுக்கறேன். அது போகட்டும். என் தங்கச்சி வீட்டுக்காரரைத் தரமில்லாத ஆளுன்னு லீக்ல எழுதி வச்சாங்க. லாரி ஓட்டினவராம், ஓனராக முடியாதாம். அதைப் படிச்சிட்டு அன்னைக்குப் போனவ என் தங்கச்சி. இன்னைக்கு வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கலை. 'உன் சிநேகிதங்கதானே எழுதினாங்க'ன்னு சொல்லிட்டுப் போனா." அவர் குரல் ஏறிக்கொண்டே வந்தது. "எனக்குச் சிநேகிதனா இருந்தவர் உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அவரே குத்திட்டார்."

"அப்பா பண்ணது தப்புதாங்க," என்று ஆரம்பித்தாள் மூத்தவள். "அவர் இருந்திருந்தா அவரே வந்து..."

"நீ சும்மா இரு," என்றாள் அம்மா.

அவள் ஒரு அடி முன்னால் வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் குத்தலைங்க. நான் குத்தினேன்."

இளையவன் அம்மாவின் தோளைத் தொட்டான். அவள் அந்தக் கையை விலக்கினாள்.

"அவர் டீமோட வெளியூர் மேட்சுக்குப் போயிருந்தார். சீட்டு வந்திருந்தது. முத்திரை டிக்கெட் ஜன்னல்ல என்கிட்டதான் இருக்கும். லீக்லேருந்து போன் பண்ணினாங்க. வாங்கற ஆளு தரமில்லாதவரு, எல்லாரும் இல்லைன்னுதான் போடறாங்க, இன்னைக்கே அனுப்பிடுங்கன்னாங்க. அந்த ஆளு யாருன்னுகூடக் கேக்கலை. வெளியில கூட்டம் நின்னுது, டிக்கெட் கிழிக்கற அவசரத்துல இதையும் குத்தி அனுப்பிட்டேன். உங்க தங்கச்சி வீட்டுக்காரர்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"அவர்..."

"வந்தார். கேட்டார். சொன்னேன். ஒரு வார்த்தை திட்டலை. அடுத்த கூட்டத்துல நீங்க எல்லார் முன்னாடியும் அவரைத் துரோகின்னு சொன்னீங்களே, அன்னைக்கு நானும் கூட வந்திருந்தேன். அவர் என்னைக் காட்டிக் குடுக்கலை. நானும் வாயைத் திறக்கலை. வெக்கமா இருந்தது. பயமாவும் இருந்தது. பதினாலு வருஷம் திறக்கலை. அவர் போனதுக்கு அப்புறமும் திறக்கலை."

மூத்தவள் சுவரில் சாய்ந்துவிட்டாள். அப்பாவுக்கு எதிரே பேக்கரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஒவ்வொரு மேட்சும் அவளுக்கு நினைவு வந்தது. அப்பா ஒவ்வொரு தடவையும் நீட்டிய கையை மெதுவாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். அம்மா மேல் அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

பேக்கரிக்காரர் மாவுக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மனுஷனைப் பதினாலு வருஷம் திட்டித் தீத்தேன். சாவுக்குக்கூட வராம இருந்துட்டேனே," என்றார். பிறகு கோபம் திரும்ப வந்தது. "இதை இன்னைக்கு எதுக்கு வந்து சொல்றீங்க? அவர்தான் பண்ணினார், மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லியிருந்தா நான் பாவம்னு கையைத் தூக்கியிருப்பேனே!"

"தெரியும். அப்படிக் கிடைக்கற கை எனக்கு வேண்டாம். அவர் மேல ஏறி நின்னு நான் எதையும் விக்கமாட்டேன்."

சந்தில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு வந்தது. பஸ்ஸைப் பார்த்துத் திரும்பிப் போனது.

"அவரை விட்டுடுங்க," என்றாள் அம்மா. "இனிமே என்னைத் திட்டுங்க. வேணும்கிற மட்டும் திட்டுங்க, கேட்டுக்கறேன். ஆனா ஞாயித்துக்கிழமை அதே வார்த்தையை ஐந்நூத்திப் பன்னிரண்டு பேரைப் பாத்துச் சொல்லப் போறாங்க. தரமில்லாதவங்கன்னு. நான் ஒரு தடவை கேட்டுட்டு முத்திரை குத்தினேன். நீங்களும் கேட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கப் போறீங்களா?"

அவர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி மாடிப்படியைப் பார்த்துத் தன் மனைவியிடம் கத்தினார்.

"என் தங்கச்சி நம்பர் உன்கிட்ட இருக்கா?"

மேலேயிருந்து எதுவோ விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அந்தக் கேள்வியைப் பதினாலு வருஷமாக யாரும் கேட்டதில்லை.

"இது என் ஓட்டு இல்லைங்க," என்றார் பேக்கரிக்காரர் அம்மாவிடம். "அவளோடது. நீங்க இப்ப என்கிட்டச் சொன்னதை ஒரு வார்த்தை விடாம அவகிட்டச் சொல்லணும். அவ தூக்குன்னா தூக்கறேன். போனை எடுப்பாளோ மாட்டாளோ தெரியாது. உள்ள வந்து உக்காருங்க."

"உக்காந்துக்கிட்டுச் சொல்ற விஷயமில்லை," என்றாள் அம்மா. "போனைப் போடுங்க. நிக்கறேன்."